மலையேறினால் பேட்டா

பணம் கூடி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள். நெல்லஞ்சோறு வடித்தார்கள். யுத்த காலத்தில் எங்கள் பக்கம் நெல்லஞ்சோறு கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் கண்ணில் படுகிற பொருள். மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும்தான். மாமனார் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் மட்டும் சோற்றைத் தொடவில்லை.

"நாலு காசு கூட வர்ற நேரத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறா பாரு" என்றார் மாமியார்.

வாயை மூடிக்கொண்டிருக்கும் வித்தை எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. "அவுங்க மலையேறிட்டாங்கன்னு நீங்க கோழியடிச்சுத் திங்கறீங்களே அத்தை, நல்லா இருக்குதுங்களா?" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. விளங்கும்படி சொல்ல எனக்கும் அப்போது பொறுமை இல்லை.

இப்போது சொல்கிறேன். என் கணவர் பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் சேலத்தில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினார். கீழே சமவெளியில் ஓட்டினால் கூலி மட்டும். ஏற்காட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போய், காப்பி மூட்டையோடு இறங்கிவந்தால் கூலிக்கு மேலே பேட்டா. அந்தக் காலத்து மலைப்பாதையும் அந்தக் காலத்து பிரேக்கும் எப்படி இருந்தன என்று ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஊருக்கு வரும்போதெல்லாம் கூலியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பேட்டாவை என் கையில் வைப்பார். அதை எண்ணுவதற்கு முன்னாலேயே "எத்தனை வாட்டி ஏறுனீங்க?" என்று கேட்பேன். "ஏறுனவன் எறங்கி வந்துதானே கையில குடுக்கறேன், அப்பறம் என்ன?" என்று சிரிப்பார். ஏறினால் உண்டு, ஏறாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் பேட்டாவின் சட்டம்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு போட்டதும் முதலாளியின் லாரி கொட்டகையில் நின்றுவிட்டது. பட்டாளத்துக்கு ஓட்டுநர்கள் வேண்டுமென்று தமுக்கடித்தார்கள். இவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாதாமாதம் ஒரு தொகை வீட்டுக்கு வர ஏற்பாடு செய்தபோது, பெறுபவர் என்ற இடத்தில் என் பேரைப் போட்டுவிட்டார். ஒரே மகன் தகப்பன் பேரைப் போடவில்லையே என்று மாமனாருக்கு அது கொஞ்ச நாள் உறுத்தியது. ஆனால் தபால்காரரிடம் நான் கையெழுத்துப் போட்டு வாங்குவது வரைதான் அது என் பணம். அடுத்த நிமிஷம் மாமனாரின் மடிக்குப் போய்விடும். எனக்கும் அதில் வருத்தமில்லை. வீடு ஒன்று, அடுப்பு ஒன்று.

கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் போன பிறகு எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தது நான் ஒருத்திதான். தமிழ் எழுதுவேன், அதுவும் தப்பும் தவறுமாக. கடிதத்தின் மேல் பட்டாள விலாசத்தை இங்கிலீஷில் எழுத வேண்டும். அது எனக்குத் தெரியாது. அவர் எழுதியனுப்பிய விலாசத்தைக் கோலம் பார்த்துப் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து வரைவேன். ஒரு கோடு கோணிப் போனால் கடிதம் எங்கே போய்ச் சேருமோ என்று பயந்து பயந்து வரைந்து, கடைசியில் பார்க்காமலே வரைய வந்துவிட்டது.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இருக்கும் இடத்தை எழுத விடமாட்டார்கள். எழுதினால் மை பூசி அடித்துவிடுவார்கள். "இனிமேல் பணம் கூட வரும். இங்கேயும் பேட்டா உண்டு" என்று எழுதியிருந்தார். மை பூசுகிறவனுக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. சண்டை நடக்கிற இடத்தில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறார். அதற்குத்தான் சர்க்கார் சம்பளத்துக்கு மேலே படி கொடுக்கிறது. அந்தப் படியைத்தான் அன்றைக்குக் கோழிக்குழம்பாக்கித் தின்றார்கள்.

மாமனாரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்களுக்கு இருந்தது மானாவாரிக் காடு. வானம் பார்த்து விதைத்து, வானம் ஏமாற்றினால் வெறுங்கையோடு நிற்கிற நிலம். ஒரு கிணறு இருந்தால் இரண்டு போகம் எடுக்கலாம் என்று வாழ்நாள் முழுக்க ஏங்கியவர். கூடுதல் பணம் வர ஆரம்பித்ததும் கிணறு தோண்ட ஆள் விட்டார். செம்மண் முடிந்து, சுக்காங்கல் முடிந்து, பாறை வந்தது. பாறையில் துளை அடித்து, மருந்து வைத்து வெடிக்க வேண்டும். யுத்த காலத்தில் வெடிமருந்து கொள்ளை விலை. அவர் அசரவில்லை. மாதாமாதம் வருகிற படி அப்படியே பாறைக்குள் போயிற்று. ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் எனக்குத் தூக்கிப் போடும். அங்கே இதே சத்தத்தில்தானே அவர் வண்டி ஓட்டுகிறார் என்று நினைப்பேன். மாமனாருக்கு அந்த நினைப்பே வராது. கிணற்று மேட்டில் நின்று தண்ணீர் வாசம் பிடிப்பார்.

அப்படி இருக்கையில் ஒரு பங்குனி மாதம் பணம் குறைந்து வந்தது.

இங்கே எங்கள் ஊர்க் கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமனாரின் அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். முந்தைய யுத்தத்தில் அவருடைய புருஷன் கப்பலேறிப் போய் பஸ்ரா பக்கம் செத்துப்போனார். சாவுச் செய்திக்கு முன்னால் வந்தது பணம்தான். வழக்கமான தொகை குறைந்து, விதவைகளுக்குக் கொடுக்கிற பென்ஷன் தொகையாக வந்தது. பிறகுதான் செய்தி வந்தது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் அது ஒரு சாத்திரமாகிவிட்டது: பட்டாளத்துப் பணம் கூடினால் மகராசன் நன்றாயிருக்கிறான், குறைந்தால் ஆள் போய்விட்டான். வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தபால்காரர் பணத்தை எண்ணி என் கையில் வைக்கும்போதே தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அந்தச் சாத்திரம் தெரியும். சைக்கிளை மிதித்து அவர் அடுத்த ஊர் போய்ச் சேருவதற்குள் எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பொழுது இறங்குவதற்குள் பங்காளிகள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாமியார் மண்ணில் விழுந்து புரண்டார். பெற்ற வயிறு, அதை நான் குறை சொல்லவில்லை. அவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது நான்தான். கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அழுவாதீங்க அத்தை. பேட்டா நின்னிருக்குது. மலைய விட்டு எறங்கிட்டாங்கன்னு அர்த்தம். செத்திருந்தா சர்க்கார் காயிதம் போடாதுங்களா?"

"பைத்தியம் புடிச்சிருச்சு சாமி, எம்பட மருமவளுக்கு" என்று அவர் இன்னும் பெரிதாக அழுதார்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் லாரிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரிந்தது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியவில்லையே என்ற கோபம் அந்த நடுக்கத்தை அடக்கிவிட்டது. பேட்டா எதற்குக் கொடுக்கிறார்கள் என்று யோசித்தால் அது ஏன் நிற்கும் என்பதும் தெரிந்துவிடுமே. கொழுத்த பணம் வந்தபோது யோசிக்காதவர்கள் குறைந்தபோது மட்டும் யோசித்து எழவு கொட்டப் பார்க்கிறார்கள்.

எங்கள் வழக்கப்படி புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைச் சேலை வரவேண்டும். கோடி போடுவது என்போம். அதைக் கட்டிவிட்டுத்தான் தாலியை வாங்குவார்கள். பங்காளிகள் என்னைக் கேட்காமலே என் அண்ணனுக்கு ஆள் விட்டுவிட்டார்கள். மறுநாள் அண்ணன் ராசிபுரத்தில் வாங்கிய வெள்ளைச் சேலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வீங்கிய கண்ணோடு வந்து நின்றார். நான் அப்போதுதான் குளித்து, மஞ்சள் பூசி, காலணா அகலத்துக்குப் பொட்டு வைத்து, கொல்லையிலிருந்த மரிக்கொழுந்தைக் கிள்ளித் தலை நிறைய வைத்திருந்தேன்.

அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்ததும் வாசலில் இருந்த பெண்கள் மாரடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் அண்ணன் கையிலிருந்து சேலையை வாங்கி விரித்துப் பார்த்தேன். நல்ல நெசவு. நடுவில் பல்லால் கடித்து, சர்ரென்று இரண்டாகக் கிழித்தேன்.

"ரண்டு வேட்டி ஆச்சுண்ணா. மடிச்சு வெக்கறேன், உங்க மாப்பளை வந்தா கட்டிக்குவாங்க" என்றேன்.

ஒரு பங்காளிக் கிழவர் எழுந்து, "பொம்பளைக்கு இத்தனை திமிரு ஆகாது" என்றார். "உசுரோட இருக்கறவங்களுக்கு எழவு கொட்டறது மட்டும் ஆகுங்களா?" என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் போகவில்லை. ஒரு வாரம் பொறுப்போம், அதற்குள் இவள் தானாக அடங்குவாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அடங்குவதற்கா நான் பிறந்தேன்? மறுநாள் காலையில் சேலத்துக்குக் கிளம்பினேன். துணைக்கு யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ரோட்டோரம் புளியமரத்தடியில் பெரியம்மா நின்றிருந்தார், வெள்ளைச் சேலையும் கையில் ஒரு துணிமூட்டையுமாக. "பட்டாளத்துக் கச்சேரி எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா? பென்சனுக்கு நடந்து நடந்து எனக்குத் தெரியும், வா" என்றார். ஊரை ஒரு சாத்திரத்தில் கட்டிப் போட்டது அவருடைய கதைதான். அவரே என்னோடு கிளம்பினது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கரியில் ஓடுகிற பஸ். ஏற்றம் வந்தால் இறங்கி நடக்கச் சொல்வார்கள். இறங்கியும் ஏறியும் சேலம் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கச்சேரி என்பது பட்டாளத்து ஆபீஸ். அங்கே என்னைப்போல வந்த பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முகத்திலும் ரத்தமில்லை. என் முறை வந்தபோது, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார் மேஜைக்குப் பின்னால் இருந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே கணவரின் பட்டாள நம்பரைச் சொன்னேன். உள்ளே போய்விட்டு நெடுநேரம் கழித்து வந்தார். அந்த நேரம் முழுக்கப் பெரியம்மா என் கையை விடவில்லை. என் கை வேர்த்ததா அவர் கை வேர்த்ததா என்று தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரும்மா" என்றார் சுபேதார். "மலேரியாக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கார். தேறிட்டார். இப்போ ராஞ்சிப் பக்கம் வண்டிப் பட்டறையில போட்டிருக்காங்க, புதுப் பசங்களுக்கு ஓட்டக் கத்துக்கொடுக்கறார். அங்கே குண்டு விழாது. அதனால படியும் கிடையாது. பணம் குறைஞ்சது அதனாலதான்."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தனை நாள் அழாத அழுகை. கூடவே சிரிப்பும் வந்தது. குண்டு விழாது, அதனால் படி கிடையாது! இதைச் சொல்லத்தானே நான் ஊரெல்லாம் கத்தினேன். சுபேதார் புது விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் அந்தச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு, விலாசத்தை உள்ளங்கையில் விரலால் வரைந்து வரைந்து பழகிக்கொண்டு வந்தேன். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மல்லூர் தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு எனக்கும் ஆராச்சும், போயிக் கேட்டுட்டு வரலாம்னு சொல்லியிருக்கலாம், சாமி. அவிய போனது போனதுதான். ஆனாலும் போயிக் கேட்டுட்டு வர்ற வரைக்குமாச்சும் பொட்டு வெச்சிருந்திருப்பேன்ல."

நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். அவர் என் தலையிலிருந்த வாடிய மரிக்கொழுந்தைச் சரிசெய்துவிட்டார்.

ஊருக்கு வந்து செய்தியைச் சொன்னதும் மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு கதறினார். மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். எழவுக்கு உட்கார்ந்த பங்காளிகள் எல்லாரும், தங்களுக்கு அப்போதே தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். நான் மனதாரச் சிரித்து, பசியாறச் சாப்பிட உட்கார்ந்தேன். கம்பஞ்சோறும் மோரும் அன்றைக்கு இனித்தன.

பாதிச் சோற்றில் மாமனார் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, ஒரு காயிதம் எழுதோணும்."

"எழுதறனுங்க மாமா. நாளைக்கே எழுதறேன். காச்ச எப்படி இருக்குதுன்னு கேக்கோணும்."

"அதுவும் எழுது. கூடவே ஒண்ணு." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கெணத்துல இன்னம் கொஞ்சந்தான் பாக்கி. பாறைல ஈரம் தெரியுது. இந்தப் பணத்துல மருந்து வாங்க முடியாது. கேட்டுக்கிட்டா மறுக்கா முன்னாடி எடத்துக்கே அனுப்பி வெப்பாங்களாமா. ஒரு அஞ்சாறு மாசம். அப்பறம் எறங்கிக்கிட்டும். நீ எழுதுனா கேப்பான்."

நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இன்று நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது. ஆனால் அவர் அதைக் கல் நெஞ்சோடு கேட்கவில்லை. சண்டை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஈரம் கண்ட பாறையைப் பாதியில் விடுவது என்னவென்று தெரியும். தெரிந்ததற்குத்தானே மனுஷன் தவிப்பான்.

"மாமா, இன்னிக்குப் பொழுது எறங்கற வரைக்கும் உங்க மவன் செத்துட்டாருன்னு அழுதீங்க. இப்பத்தான் பொழைச்சு வந்திருக்கறாரு. நான் ஒரு வாய் சோறு உங்கறதுக்குள்ள மறுக்கா சாவப் போகச் சொல்றீங்களே?"

"கெணறு ஆருக்கு? அவனுக்குத்தானே வெட்டறேன்?"

"அவரு இல்லாத கெணத்துல நான் என்னத்துக்குத் தண்ணி எறைக்கோணும்?"

மாமியார் இடையில் வந்து, "அவ எழுதாட்டிப் போறா. பள்ளிக்கூடத்து வாத்தியார்கிட்டச் சொன்னா எழுதிக் குடுப்பாரு. அந்தச் சீட்டு எங்க?" என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் என்னைக் கட்டிக்கொண்டு அழுத அதே வாய். மகன் பிழைத்துவிட்டான் என்றதும், அவனுக்கு இனி ஒன்றும் ஆகாது என்று நம்பிவிட்டார் போல.

நான் எழுந்து மடியிலிருந்து சீட்டை எடுத்தேன். எல்லாரும் பார்க்க அடுப்பில் போட்டேன். அது சுருண்டு எரிந்தது. விலாசம் என் விரலில் இருந்தது. அவர் போடுகிற கடிதமும் என் பேருக்குத்தான் வரும். என்னைத் தவிர அந்த வீட்டிலிருந்து ஒருவரும் இனி அவருக்குக் கடிதம் போட முடியாது. கிணற்றைப் பற்றி நான் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன் என்றும் சொன்னேன். மாமனார் கைநீட்டி அடிக்கிறவர் இல்லை. ஆனால் அதன் பிறகு பல மாதம் என்னிடம் பேசவில்லை. சோற்றை மாமியார் கையால்தான் வாங்கிக்கொள்வார். சரி, பேசாமல் இருக்கட்டும் என்று நானும் இருந்தேன். சுகமா, காய்ச்சல் விட்டதா, கம்பு நன்றாக விளைந்திருக்கிறது என்று மட்டும் எழுதினேன்.

கிணறு அப்படியே நின்றது. வெட்டுகிற ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். "மருமவ மூடுன கெணறு" என்று ஊரில் பேர் வைத்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போகும்போது என் காதில் படும்படிச் சொல்வார்கள். நான் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து அந்த மேட்டு வழியாகவே நடப்பேன். வேறு வழி இருந்தும் அந்த வழியாகவே நடப்பேன்.

யுத்தம் முடிந்து அவர் வந்தார். மெலிந்து, கறுத்து, ஆனால் கையும் காலுமாக வந்தார். குளித்துவிட்டு வந்தவருக்கு நான் பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். இது ஏது என்று கேட்டார். எங்க அண்ணன் எடுத்துக் கொடுத்தது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. பெரியம்மா மட்டும் அதைப் பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

மாலையில் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார். பாறையில் பட்டுத் தெறிக்கிற சத்தம் வந்தது. அப்போதுதான் அந்த மலைப்பாதையைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். காய்ச்சலில் அவர் படுத்தபோது அவருடைய வண்டியைத் தர்மபுரிக்காரர் ஒருவர் ஓட்டினாராம். ஒரு நாள் வண்டியோடு பள்ளத்துக்குள் போய்விட்டாராம். அந்த மனுஷன் வீட்டிலும் ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கும் பணம் கூடி வந்திருக்கும், அவர்களும் நெல்லஞ்சோறு வடித்திருப்பார்கள். பிறகு குறைந்து வந்திருக்கும். எங்கள் ஊரின் பாழாய்ப்போன சாத்திரம் அவளுக்குப் பலித்துவிட்டது. அவளுக்காக எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாதியில நிக்குதே, புள்ள. பணம் பத்தலீன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா, கேட்டு வாங்கிட்டு மறுக்கா போயிருப்பேனே."

"அதுக்குத்தானுங்க எழுதல" என்றேன்.